ஒரு பாகையும் ஒரு வோல்ட்டும்

பழைய அம்பாசடர் கார் வைத்திருப்பவர் எவரேனும் உங்கள் தெருவில் இருக்கிறாரா? இருந்தால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "இராத்திரியில் இந்த வண்டியை வெளியூருக்கு எடுத்துப் போவீர்களா?" பெரும்பாலும் அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "எஞ்சின் நன்றாக இருக்கிறது தம்பி, லைட்டுதான் பத்தாது" என்பார்.

மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரின் வழிவந்தது அம்பாசடர். 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் செய்யப்பட்டது. ஆலை நின்றுவிட்டாலும் கார்கள் நிற்கவில்லை; கல்யாண வீடுகளிலும் கோயில் பயணங்களிலும் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் முகப்பு விளக்கு மங்கினால் பலரும் செய்யும் வைத்தியம் ஒன்றே: 'பெரிய பல்பு போடு'. அது எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்தால் அதற்கும் ஒரு வைத்தியம் உண்டு: 'மேல்பாதியில் கறுப்பு மை பூசு'. இரண்டுமே நோயறியாமல் கொடுக்கும் மருந்துகள். பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் குழியாடியும் ஓம் விதியும் போதும், நோய் எது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சரியாகச் சொன்னால் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, ஒளி போக வேண்டிய திசையில் போகவில்லை. மற்றொன்று, மின்சாரம் பல்பு வரைக்கும் முழுதாக வந்து சேரவில்லை. முதல் நோயைப் பாகையிலும் இரண்டாவதை வோல்ட்டிலும் அளக்கலாம்.

ஆடியும் இழையும்

முகப்பு விளக்கின் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று ஒரு கிண்ணம் இருக்கிறதல்லவா? அது பரவளைய வடிவமுள்ள ஆடி. அதன் குவியத்தில் ஒரு புள்ளி ஒளியை வைத்தால், ஆடியின் எந்த இடத்தில் பட்டாலும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக வெளியே வரும். ஆனால் புள்ளி ஒளி என்று உலகில் ஒன்றும் இல்லை. மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் கார்பைடுக் கல்லில் தண்ணீர் சொட்டவிட்டு, வரும் அசிட்டிலீன் வாயுவை இதே ஆடியின் முன்னே கொளுத்தினார்கள். சுடர் பெரியது, ஆகவே ஒளிக்கற்றை அகன்று சிதறிப் போயிற்று. 1912இல் அமெரிக்காவின் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடும் மின்விளக்குகளோடும் வெளிவந்தது. சுடரின் இடத்தைச் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள இழை பிடித்துக்கொண்டதும் ஆடி தன் முழு வேலையையும் செய்யத் தொடங்கியது.

இப்போது பல்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே ஒன்றல்ல, இரண்டு இழைகள் தெரியும். ஒன்று ஆடியின் குவியத்தில் இருப்பது. இதிலிருந்து வரும் ஒளி நேரே நெடுந்தூரம் செல்லும். டிரைவர்கள் 'பிரைட்' என்பது இதைத்தான். மற்றொன்று குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் அடியில் சிறு கரண்டி போல ஓர் உலோகத் தகடும் இருக்கும். இது 'டிம்' இழை. குவியத்துக்கு முன்னால் இருப்பதால், ஆடியின் மேல்பாதியில் பட்ட கதிர் கீழ்நோக்கிச் சாய்ந்து வெளிவரும். கீழ்ப்பாதியில் பட்டதோ மேல்நோக்கி எழும். மேல்நோக்கி எழுவதுதான் எதிரே வருபவரின் கண்ணைத் தாக்கும் ஒளி. அதனால்தான் கீழ்ப்பாதிக்கு ஒளியே போகாதபடி அந்தக் கரண்டி தடுக்கிறது. எவ்வளவு எளிய ஏற்பாடு, பாருங்கள்! ஒரு கதவு இல்லை, நெம்புகோல் இல்லை. இழையின் இடம் சற்று மாறியதும் ஒளியே தலை குனிந்துகொள்கிறது.

இந்த ஏற்பாட்டில் கறுப்பு மை என்ன செய்யும்? நம் ஊர்களில் நெடுங்காலம் விளக்குக் கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்பு பூசும் வழக்கம் இருந்தது. மேலே போகும் ஒளியை மேலே பூசிய மை தடுத்துவிடும் என்பது அதற்குப் பின்னால் உள்ள எண்ணம். சன்னலின் மேல்கதவை மூடினால் வானம் மறையுமே, அதைப் போல! ஆனால் விளக்கு சன்னல் அல்ல. ஒரு டார்ச்சைத் தொலைவிலுள்ள சுவரில் அடித்து, அதன் கண்ணாடியின் மேல்பாதியை அட்டையால் மறைத்துப் பாருங்கள். சுவரில் தெரியும் வட்டம் பாதியாக வெட்டுப்படாது. மங்கிப் போகும், அவ்வளவுதான். ஆடியின் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ ஒரே திசைக்கு ஒளி அனுப்புவதால் வரும் விளைவு இது. ஆகவே 'பிரைட்' ஒளியில் மை பூசினால் ஒளி குறையுமே தவிரத் திசை மாறாது. 'டிம்' ஒளியில் நடப்பது இன்னும் வேடிக்கை. அங்கே வேலை செய்வது ஆடியின் மேல்பாதி மட்டுமே என்று பார்த்தோம். கண்ணாடியின் மேல்பாதியை மறைத்தால், சாலையில் விழவேண்டிய நல்ல ஒளியையே மறைத்துவிட்டோம்!

சுவரில் ஒரு கோடு

ஆடி, இழை எல்லாம் சரியாக இருந்தும், விளக்கே சற்று நிமிர்ந்திருந்தால் என்ன ஆகும்?

'டிம்' ஒளி பொதுவாக 100க்கு 1 என்ற சரிவில் இறங்க வேண்டும். அதாவது 10 மீட்டர் தொலைவில் 10 சென்டிமீட்டர் தாழ வேண்டும். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொண்டால், ஒளியின் மேல்விளிம்பு 65 மீட்டர் தள்ளிச் சாலையைத் தொடும். இப்போது விளக்கை ஒரே ஒரு பாகை நிமிர்த்துவோம். ஒரு பாகை என்பது 100க்கு 1.75 சரிவு. ஆகவே கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒளி 100க்கு 0.75 என்ற அளவில் மேலே ஏறத் தொடங்கும். 60 மீட்டர் தொலைவில் அதன் உயரம் 65 + 45 = 110 செ.மீ. எதிரே வரும் காரின் ஓட்டுநருடைய கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

கூச்சத்திலிருந்து அவர் கண் மீள மூன்று நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அவர் வந்தால், அந்த மூன்று நொடியில் 50 மீட்டர் தூரத்தைக் குருடராகக் கடக்கிறார். ஓரத்தில் விளக்கில்லாத சைக்கிளோ, அறுவடை முடிந்து திரும்பும் மாட்டுவண்டியோ போய்க்கொண்டிருக்கலாம்.

சரி, அப்படியானால் நன்றாகத் தாழ்த்திவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆபத்துதான். 100க்கு 3 என்ற சரிவில் தாழ்த்தினால் ஒளி 22 மீட்டரோடு முடிந்துவிடும். 60 கி.மீ. வேகத்தில் அது 1.3 நொடிப் பயணம். பிரேக்கில் கால் வைக்கவே ஏறத்தாழ ஒரு நொடி வேண்டுமே!

திருகாணியைத் தொடுமுன் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, பல்பு தன் ஹோல்டரில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா? ஆடியின் குவியத் தூரம் ஏறத்தாழ 25 மி.மீ. என்று கொண்டால், இழை ஒரு மில்லிமீட்டர் மேலோ கீழோ நகர்ந்தாலே கற்றை இரண்டு பாகைக்கு மேல் திரும்பிவிடும். துருப்பிடித்த கிளிப்பும் வளைந்த வளையமும் செய்யும் வேலை இது. திருகாணியால் இதைச் சரிசெய்யப் பார்ப்பது, கால் ஒடிந்த நாற்காலிக்கு மெத்தை மாற்றுவதைப் போன்றது.

இரண்டாவது, கார் நேராக நிற்கிறதா? அம்பாசடரின் பின்பக்கம் பட்டைச் சுருள்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 246 செ.மீ. பின் சீட்டில் நான்கு பேர், டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரங்கள் என்று ஏற்றியதில் பின்பக்கம் 5 செ.மீ. இறங்கியது என்றால், காரின் மூக்கு 100க்கு 2 என்ற அளவில் நிமிர்கிறது. 1 இறங்க வேண்டிய 'டிம்' ஒளி இப்போது 1 ஏறுகிறது. விளக்கில் ஒரு குறையும் இல்லை; பழி மட்டும் விளக்கின் மேல் விழும். வயதான காரில் பட்டைகளே தளர்ந்து, சுமையில்லாமலும் பின்பக்கம் தாழ்ந்திருப்பதுண்டு. அதனால்தான் டயர்களில் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, எப்போதும் ஏற்றும் சுமையோடு அளக்கச் சொல்கிறோம்.

அளப்பதற்கு ஒரு சுவரும் சமதரையும் அந்தி நேரமும் போதும். கோயில் மதில், பள்ளிச் சுவர் எதுவானாலும் சரி. விளக்கின் நடுப்பகுதியின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்கட்டியால் கிடைக்கோடு ஒன்று போடுங்கள். அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு கோடு. இரண்டு விளக்குகளின் நடுவுக்கும் நேராக இரண்டு செங்குத்துக் கோடுகள். காரைச் சுவருக்கு நேராக 10 மீட்டர் தள்ளி நிறுத்தி 'டிம்' போடச் சொல்லுங்கள். ஒரு விளக்கைப் பார்க்கும்போது மற்றதற்கு முன்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளலாம். ஒளிக்கும் இருளுக்கும் இடையே ஒரு விளிம்பு தெரியும். வலப்பக்கம் அது கிடையாகக் கீழ்க்கோட்டின் மேல் படிய வேண்டும். பல விளக்குகளில் இடப்பக்கம் அந்த விளிம்பு சாய்ந்து மேலேறும். அது குறையன்று, நாம் இடப்பக்கம் செல்பவர்கள், ஆகவே இடது ஓரத்தில் நடந்து போகிறவர் தெரிய வேண்டுமென்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். வலப்பக்கம் மேலேறினால், வலப்பக்கப் போக்குவரத்து உள்ள நாட்டுக்குச் செய்த விளக்கை யாரோ மலிவாக வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அதைத் திருகாணி திருத்தாது.

விளக்கைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றினால் மேலே ஒரு திருகாணியும் பக்கத்தில் ஒன்றும் காணலாம். மேலே உள்ளது ஏற்றி இறக்க, பக்கத்தில் உள்ளது இடம் வலமாகத் திருப்ப. புரி இடைவெளி 1 மி.மீ. என்றும், விளக்கு சுழலும் புள்ளியிலிருந்து திருகாணி 15 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு ஒளிவிளிம்பு சுவரில் ஏறத்தாழ 7 செ.மீ. நகரும். எனவே அரைச் சுற்று, கால் சுற்று என்று பொறுமையாகத் திருக வேண்டும். 'பிரைட்' ஒளியைத் தனியே சரிசெய்ய வேண்டியதில்லை. இரண்டு இழைகளும் ஒரே பல்பில் இருப்பதால் ஒன்றைச் சீராக்கினால் மற்றதும் கூடவே வரும்.

வோல்ட் எங்கே போயிற்று?

ஒளி சரியான இடத்தில்தான் விழுகிறது, ஆனால் மஞ்சள் பூத்துப்போய் இருக்கிறது என்றால் அது இரண்டாவது நோய்.

பழைய வண்டிகளில் இரு பக்கமும் 45 வாட் 'பிரைட்' இழை. 12 வோல்ட்டில் இரண்டுக்குமாக 90 ÷ 12 = 7.5 ஆம்பியர் தேவை. வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 90 வாட் விளக்குகளுக்கு அரை ஆம்பியருக்கும் குறைவாகவே போதும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். மின்னழுத்தம் குறைவு, ஆகவே மின்னோட்டம் அதிகம். அத்தனை ஆம்பியரும் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து டிம்–பிரைட் மாற்றும் சுவிட்சு வழியாகச் சென்று, இரண்டு விளக்குகளையும் கடந்து, காரின் உடம்பு வழியாகத் திரும்ப வேண்டும். வழியில் எத்தனை முனைகள், எத்தனை திருகுகள்!

இவற்றில் ஓரிடத்தில் தாமிரம் கறுத்துப்போய் 0.14 ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது என்று கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரில் 0.14 ஓமைத் தேடினால் மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடைதான் தெரியும். ஆனால் 7 ஆம்பியர் ஓடும்போது அங்கே 7 × 0.14, அதாவது ஏறத்தாழ ஒரு வோல்ட் விழுந்துவிடும். 12இல் 1 போனால் என்ன, 8 விழுக்காடுதானே என்று நினைக்கலாம். இழை அப்படி நினைப்பதில்லை. அதன் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கைப் பொறுத்தது. 11ஐ 12ஆல் வகுத்து அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 0.74 வரும். ஒரு வோல்ட் போனால் கால்பங்கு ஒளி போயிற்று! இழையின் வெப்பநிலை சற்றே இறங்கினாலும் வெண்மை குறைந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகவே பெரும்பகுதி ஆற்றல் வெளியேறுவதே காரணம்.

அந்த ஒரு வோல்ட் மறைந்து போவதில்லை. சுவிட்சுக்குள் 7 வாட் வெப்பமாகிறது. சூட்டில் தாமிரம் மேலும் கறுக்கிறது, சுருள்வில் தளர்கிறது, தடை கூடுகிறது, சூடு இன்னும் ஏறுகிறது. அரை மணி ஓடியபின் சுவிட்சுக் குமிழ் கையில் சுட்டால் இந்தச் சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

இந்த நிலையில் பெரிய பல்பு வைத்தியத்தைச் செய்தால் என்ன ஆகும் என்று கணக்கிடுவோம். 45 வாட்டை எடுத்துவிட்டு 100 வாட் பல்புகள் இரண்டைப் போடுகிறார். 12 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து 0.72 ஓம். வழியிலுள்ள 0.14ஐயும் கூட்டினால் 0.86 ஓம், மின்னோட்டம் 14 ஆம்பியர். அந்தக் கறுத்த முனையில் இப்போது 2 வோல்ட் விழுகிறது. பல்புக்குக் கிடைப்பது 10 வோல்ட். மேற்சொன்ன கணக்குப்படி அந்தப் பல்பு தரவேண்டிய ஒளியில் ஏறத்தாழ பாதிதான் வரும். சுவிட்சிலோ வெப்பம் 27 வாட், முன்பைப் போல நான்கு மடங்கு. ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயன் 25 வாட்! பழைய கார்கள் பலவற்றில் முகப்பு விளக்குச் சுற்றுக்கு ஃபியூஸும் கிடையாது என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். புகை வரும் வரை யாருக்கும் தெரியாது.

ஆகவே பல்பு வாங்குமுன் ஒரு வோல்ட்மீட்டர் வாங்குவது சிக்கனம். அதைப் பயன்படுத்தும் முறையில்தான் எங்கள் கல்லூரி முதலாண்டு மாணவர்களும் தடுமாறுகிறார்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைப்பார்கள். அது 12 வோல்ட் காட்டும். "எல்லாம் சரி சார்" என்பார்கள். மின்னோட்டமே இல்லாதபோது கறுத்த முனையில் எந்த வோல்ட்டும் விழாது; மீட்டர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் தவறு. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைச் சுவிட்சுக்குள் வரும் கம்பியிலும் மற்றதை வெளியேறும் கம்பியிலும் வையுங்கள். நல்ல சுவிட்சில் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அகப்பட்டான். இப்படியே ஒவ்வொரு துண்டாகப் பேட்டரியிலிருந்து பல்பு வரை நகர்ந்து செல்லலாம். ஓர் எச்சரிக்கை: இதைப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்தே செய்யுங்கள். 12 வோல்ட் உங்களை அடிக்காது. ஆனால் பேட்டரி முனைகளுக்கிடையே ஒரு ஸ்பேனரோ மோதிரமோ விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். சுவிட்சைக் கழற்றுவதற்கு முன் பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

ஆங்கிலேய வழிவந்த கார்களில் கம்பியின் நிறமும் வழிகாட்டும். விளக்குச் சுவிட்சிலிருந்து டிம்–பிரைட் சுவிட்சுக்குப் போவது நீலம், அங்கிருந்து 'பிரைட்' இழைக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, 'டிம்' இழைக்கு நீலத்தில் சிவப்புக் கோடு, எர்த் கறுப்பு. ஆனால் 40 வருடம் ஓடிய வண்டியில் எத்தனை எலக்ட்ரீஷியன்களின் கை பட்டிருக்குமோ! நிறத்தைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பை மீட்டரிடம் விடுங்கள்.

அடையாளங்களைக் கொண்டே பாதி வழக்கை முடித்துவிடலாம். இரண்டு விளக்குகளும் ஒரே மாதிரி மங்கினால் குற்றம் இரண்டுக்கும் பொதுவான வழியில், அதாவது பேட்டரியிலோ சுவிட்சிலோ இருக்கும். 'பிரைட்' நன்றாக எரிந்து 'டிம்' மட்டும் இரு பக்கமும் வராவிட்டால் மாற்றும் சுவிட்சைப் பாருங்கள். அம்பாசடரின் பழைய வகைகளில் அது கிளச்சுக்குப் பக்கத்தில், தரையில், இடது காலால் அழுத்தும்படி இருக்கும். கைக்கு வேலையில்லாத நல்ல யோசனைதான். ஆனால் செருப்பில் வந்த சேறும் மழைநீரும் சேருமிடமும் அதுவே. எதிரே வண்டி வரும்போது அழுத்தினால், பிரைட் அணைந்து டிம் வராமல் ஒரு நொடி முழு இருட்டு! இதைத் துடைத்து, முனைகளை நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் சில மாதம் ஓடும். வில் தளர்ந்திருந்தால் மாற்றிவிடுவதே மேல்.

சுவிட்சுகளுக்கு நிரந்தர விடுதலை தருவது ரிலே. சிறு மின்காந்தம் ஒன்று தடித்த முனைகளை இழுத்து மூடும். காந்தத்துக்கு வேண்டியது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. அதை மட்டும் பழைய சுவிட்சு தாங்கினால் போதும். விளக்குகளுக்கான 7 ஆம்பியர், பேட்டரியிலிருந்து ஒரு ஃபியூஸ் வழியாகத் தடித்த கம்பியில் நேரே ரிலேவுக்குப் போய்விடும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். 45 வாட் பல்பே புதிதாகப் போட்டது போல எரிவதைப் பார்த்துக் கார்க்காரர் வியப்பார்.

கடைசியாக ஒரு புதிர். இதை விடுவித்தால் நீங்கள் அரை எலக்ட்ரீஷியன். ஒரு காரில் 'டிம்' போட்டால் வலப்பக்க விளக்கு நன்றாக எரிகிறது. இடப்பக்கம் மங்கலாகச் செம்மை பூத்த ஒளி. 'பிரைட்' போட்டால் மட்டுமே எரியவேண்டிய டாஷ்போர்டு நீல விளக்கு, 'டிம்'மிலேயே மெல்ல மினுக்குகிறது! சுவிட்சு மாறி இணைக்கப்பட்டதா? இல்லை.

இடப்பக்கப் பல்பில் இரண்டு இழைகளுக்கும் எர்த் ஒன்றே. அந்தக் கம்பி அறுந்துவிட்டது என்று கொள்ளுங்கள். 'டிம்' இழைக்குள் நுழைந்த மின்சாரம் வெளியேற வழியில்லாமல் அதே பல்பின் 'பிரைட்' இழைக்குள் பின்பக்கமாகப் புகுந்து, 'பிரைட்' கம்பி வழியே வலப்பக்கம் சென்று, அங்குள்ள 'பிரைட்' இழையைக் கடந்து எர்த்தை அடைகிறது. மூன்று இழைகள் தொடரிணைப்பில்! 12 வோல்ட்டை மூன்றும் பங்கிட்டுக்கொண்டு ஆளுக்கு ஏறத்தாழ 4 வோல்ட் பெறுகின்றன. நீல விளக்கும் அந்த 'பிரைட்' கம்பியிலேயே தொங்குவதால் அதற்கும் 4 வோல்ட் கிடைத்து மினுக்குகிறது. இந்தக் காருக்குப் புதுச் சுவிட்சும் வேண்டாம், புதுப் பல்பும் வேண்டாம். இடது மட்கார்டின் உட்புறம் கறுப்புக் கம்பி முடியும் இடத்தில் ஒரு திருகாணி இருக்கும். அதைக் கழற்றி, துருவைத் தகடு பளிச்சிடும் வரை சுரண்டி, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.